பல்லுயிர் பாதுகாப்புக் கருத்தரங்கு உங்கள் தலையில் விழுந்ததா? முதல் தடவை நடத்துபவருக்கு ஒரு வழிகாட்டி

துறைக் கூட்டம் முடியப்போகிற நேரம். எல்லோரும் நோட்டை மூடிக்கொண்டிருக்கும்போது துறைத்தலைவர் உங்கள் பக்கம் திரும்பி, "அடுத்த வருஷக் கருத்தரங்கு நம்ம பல்கலைக்கழகத்துலதான். பல்லுயிர் பாதுகாப்பு. நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். நீங்கள் ஆய்வு மாணவராகவோ, போன மாதம் வேலையில் சேர்ந்த உதவிப் பேராசிரியராகவோ இருந்தால் மறுக்கவும் வழியில்லை. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் மாட்டியிருக்கிறேன், மூன்று தடவை. கீழே இருப்பதில் பாதி, முதல் தடவை நான் செய்த தப்புகள்.

"நாலு பேர் பேசுவாங்க, சான்றிதழ் கொடுப்போம், முடிஞ்சது" என்று சிலர் உங்களை ஆறுதல்படுத்தப் பார்ப்பார்கள். நம்பாதீர்கள். இந்தத் துறையே கருத்தரங்குகளில் பிறந்து வளர்ந்ததுதான். 1978இல் மைக்கேல் சூலே என்ற உயிரியலாளர் சான் டியேகோவில் கூட்டிய கருத்தரங்குக்குப் பிறகே 'பாதுகாப்பு உயிரியல்' ஒரு தனித்துறையாகத் தலையெடுத்தது. 1985இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் மறுபடி கூடியபோது அதற்கென்று ஒரு சங்கமே உருவாகிவிட்டது. பல்லுயிர் என்று நாம் சொல்லும் 'பயோடைவர்சிட்டி' என்ற சுருக்கச் சொல்லும் 1986 செப்டம்பரில் வாஷிங்டனில் நடந்த கூட்டத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த வால்டர் ரோசன் உண்டாக்கியதுதான். ஏற்பாட்டு வேலையின் நடுவே பிறந்த சொல்லை இன்று உலகமே சொல்கிறது. சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் கேள்வி, அப்புறம் தலைப்பு

'பல்லுயிர் பாதுகாப்பு: சவால்களும் வாய்ப்புகளும்' என்று பேனர் அடித்தால் யாரும் எதைப் பற்றியும் பேசலாம். நாங்கள் முதல் தடவை அப்படித்தான் வைத்தோம். தவளை, கடற்புல், காட்டுத்தீ, நெல் ரகங்கள் என்று எல்லாம் வந்தன. மூன்றாம் நாள் மாலை நிறைவுரைக்கு வந்த வனத்துறை அதிகாரி, "எல்லாம் கேட்டேன், நல்லா இருந்துச்சு. நாளைக்குக் காலைல ஆபீசுக்குப் போய் நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். அரங்கில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதனால் தலைப்பைத் தேடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வட்டாரத்தில் அடுத்த ஓரிரு வருடத்தில் இயற்கை சம்பந்தமாக முடிவெடுக்கப் போகிறவர் யார்? வனத்துறையா, நகராட்சியா, மீனவர் சங்கமா, பாசன அமைப்பா? அவர்களிடம் நேரில் போய், "எது தெரியாததால் முடிவெடுக்க முடியாமல் இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "இந்த ஆற்றுப்படுகையில் பரவிக்கிடக்கும் அயல் தாவரங்களை எங்கிருந்து அகற்ற ஆரம்பிப்பது?" என்பதுபோல ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் போதும். கருத்தரங்குக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

கேள்வி ரொம்ப உள்ளூர்த்தனமாக இருக்கிறதே, வெளிநாட்டிலிருந்து யார் வருவார்கள் என்று குழுவில் யாராவது இழுப்பார்கள். அதற்குப் பதில் 2022 டிசம்பரில் நாடுகள் ஒப்புக்கொண்ட குன்மிங்-மாண்ட்ரியல் உலகப் பல்லுயிர்ச் சட்டகத்தில் இருக்கிறது. அதில் 2030க்கென்று 23 இலக்குகள். மூன்றாவது இலக்கு நிலம், உள்நாட்டு நீர்நிலை, கடல் ஆகியவற்றில் 30 விழுக்காட்டையாவது பாதுகாப்புக்குள் கொண்டுவருவது. ஆறாவது இலக்கு ஊடுருவும் அயல் இனங்கள் புதிதாக நுழைந்து வேரூன்றும் வேகத்தைப் பாதியாகவாவது குறைப்பது. உங்கள் கேள்வி இந்த 23இல் ஏதோ ஒன்றில் போய் உட்காரும். அந்த இலக்கோடு சேர்த்து அழைப்பு எழுதினால், அதே சிக்கலோடு வேறு கண்டத்தில் மல்லுக்கட்டுகிறவரும் தேடி வருவார்.

தேதி குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள்

மே 22 பன்னாட்டுப் பல்லுயிர் நாள். 1992இல் அதே நாளில்தான் நாடுகள் செய்துகொண்ட பல்லுயிர் உடன்படிக்கையின் வாசகம் நைரோபியில் ஏற்கப்பட்டது. அந்த நாளில் நடத்தலாம் என்ற யோசனை கட்டாயம் வரும். வேண்டாம் என்பேன். அன்றைக்கு ஊரெல்லாம் விழா. நீங்கள் கூப்பிட நினைக்கும் பேச்சாளரை ஏற்கெனவே நாலு பேர் பிடித்து வைத்திருப்பார்கள். களப்பணி மும்முரமாக இருக்கும் மாதங்களையும் விட்டுவிடுங்கள். வலசைப் பறவைகள் வந்திறங்கும் வாரத்தில் பறவை ஆய்வாளர் உங்கள் அரங்கில் வந்து உட்காரமாட்டார். உட்கார்ந்தாலும் மனசு ஜன்னலில்தான் இருக்கும். பல்லுயிர் உடன்படிக்கை நாடுகளின் மாநாடு வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். அதோடும் மோதாமல் பாருங்கள்.

தேதி உறுதியானதும் நாட்காட்டியைப் பின்பக்கமாகப் புரட்டுங்கள். பன்னிரண்டு மாதம் முன்பு அரங்கும் விருந்தினர் இல்லமும் எழுத்துப்பூர்வமாக உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. ஒன்பது மாதம் முன்பு சிறப்புரையாளர்களுக்குக் கடிதமும், பேச விரும்புகிறவர்கள் அனுப்ப வேண்டிய ஆய்வுச்சுருக்கங்களுக்கான அழைப்பும் போயாக வேண்டும். ஆறு மாதம் இருக்கும்போது சுருக்கங்களுக்குக் கெடு. நாலரை மாதம் இருக்கும்போது முடிவு சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு விசா, உள்ளூர்க்காரருக்கு விடுப்பு, மாணவருக்குப் பயண நிதி என எல்லாமே உங்கள் ஏற்புக் கடிதத்தைக் காட்டித்தான் கிடைக்கும். கெடுவை ஒருமுறை நீட்டியாக வேண்டியிருக்கும். பெரும்பாலான சுருக்கங்கள் கடைசி இரண்டு நாளில்தான் வந்து குவியும். அதனால் நீட்டிக்கும் தேதியையும் முன்பே மனதில் வைத்துக்கொண்டு, அதை யாரிடமும் சொல்லாமல் இருங்கள்.

குழு விஷயத்தில் நான் கற்றது ஒரே வரி: நிகழ்ச்சி நிரலுக்கு ஒருவர், பணத்துக்கு ஒருவர், இடத்துக்கு ஒருவர், மூவருக்கும் கேட்காமலே முடிவெடுக்கும் உரிமை. மற்ற முப்பத்தேழு பேரும் வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் காட்டுவார்கள், அது போதும்.

பணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. யாரிடம் நன்கொடை வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். சதுப்புநிலத்தைத் தூர்க்கும் திட்டத்தில் பங்குள்ள நிறுவனத்தின் முத்திரை உங்கள் மேடைக்குப் பின்னால் தொங்கினால், சதுப்புநில அமர்வில் பேசுபவர் எந்த முகத்தோடு பேசுவார்? எது ஏற்கத்தக்கது, எது இல்லை என்று பணம் வருவதற்கு முன்பே அரைப்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் வாசலில் வந்து நின்ற பிறகு கொள்கை பேசுவது கஷ்டம்.

ஆய்வுச்சுருக்கங்கள்

படிவம் சின்னதாக இருக்கட்டும். 250 சொல்லுக்கு மேல் வாங்காதீர்கள். வழக்கமான நோக்கம், முறை, முடிவு எல்லாவற்றுக்கும் கீழே "இந்த முடிவை யார், எதற்குப் பயன்படுத்தலாம்?" என்று ஒரு வரி சேருங்கள். பலரும் அங்கே தடுமாறுவார்கள். பரவாயில்லை, தடுமாறுவதே ஒரு பதில்தான். அந்த வரியில் உருப்படியாக எழுதியவர்களைத்தான் நாங்கள் பிறகு முக்கிய அமர்வுகளுக்கு எடுத்தோம்.

ஒவ்வொரு சுருக்கத்தையும் பெயர் மறைத்து இருவர் படிக்கட்டும். நிராகரித்தால் காரணத்தை ஒரு வாக்கியத்திலாவது எழுதுங்கள். முதல் தடவை அனுப்பிய மாணவருக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய உதவி. ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி, பக்கத்தில் நின்று விளக்கும் போஸ்டரை 'உரைக்கு இடமில்லாதவர்களுக்கு' என்று தள்ளிவிடுகிற பழக்கத்தையும் விடுங்கள். உரையில் மூன்று நிமிடம் கேள்வி கேட்கலாம், போஸ்டர் முன்னால் அரை மணி நேரம் சண்டை போடலாம். எனக்கு இன்றுவரை உதவுகிற மூன்று அறிமுகங்களும் போஸ்டர் முன்னால் கிடைத்தவைதான்.

"கட்டுரைகளையெல்லாம் ஸ்கோபஸ் பட்டியல் இதழில் போட்டுத் தருகிறோம், கட்டுரைக்கு இவ்வளவு" என்று மின்னஞ்சல்கள் வரும் (ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஒரு தரவுத்தளம்). அவற்றை அப்படியே குப்பையில் போடுங்கள். நல்ல கட்டுரை தானாக ஓர் இதழைத் தேடிக்கொள்ளும்.

இடத்தைச் சொல்லாதே

மற்றத் துறைக் கருத்தரங்குகளில் இல்லாத, நம் துறைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தெற்குச் சீனாவில் கோனியூரோசாரஸ் லூயி என்றொரு குகைப்பல்லி. 1999இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். ஆய்வுக்கட்டுரை என்றால் எங்கே கண்டோம் என்று எழுத வேண்டுமே, எழுதினார்கள். செல்லப்பிராணி வணிகத்துக்குப் பிடிப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். முதலில் கண்டெடுத்த இடத்தில் அந்தப் பல்லியே இல்லாமல் போய்விட்டது. காப்பாற்ற எழுதிய கட்டுரை வேட்டைக்காரருக்கு வழிகாட்டியாகிவிட்டது.

உங்கள் கருத்தரங்கில் இது எப்படி நடக்கும் தெரியுமா? ஒரு மாணவி அழகான ஆர்க்கிட் படத்தை ஸ்லைடில் போடுவார். கீழே ஓரத்தில் கேமரா பதித்த அட்சரேகை, தீர்க்கரேகை. முன்வரிசையில் ஒருவர் போனைத் தூக்கிப் படமெடுப்பார். அவ்வளவுதான், முடிந்தது. எங்கள் அரங்கில் ஸ்லைடுகளை முன்கூட்டிச் சரிபார்த்த தன்னார்வலர் ஒருவர் இப்படி ஒரு படத்தைக் கடைசி நேரத்தில் பிடித்து நிறுத்தினார். அன்றிலிருந்து மூன்று விதிகளை வைத்திருக்கிறேன். அழைப்பிலேயே "திருட்டு, வேட்டை, சேகரிப்பு ஆபத்துள்ள இனங்களின் துல்லியமான இடத்தைச் சுருக்கத்திலோ ஸ்லைடிலோ போஸ்டரிலோ தராதீர்கள், மாவட்ட அளவு போதும்" என்று எழுதிவிடுவேன். ஸ்லைடுகளை முந்தின நாளே வாங்கி, வரைபடங்களையும் படங்களின் ஓரங்களையும் ஒருவர் பார்ப்பார். 'படமெடுக்க வேண்டாம்' என்று ஒரு சின்னக் குறியை எல்லாப் பேச்சாளருக்கும் கொடுத்துவிடுவேன், வேண்டியவர் முதல் ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளலாம். பொதுமக்கள் கண்ட உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள்கூட ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கித்தான் காட்டுகின்றன. நாம் அதைவிட அஜாக்கிரதையாக இருக்கலாமா?

நிகழ்ச்சி நிரல்

15 நிமிட இடம் என்றால் 12 நிமிடம் பேச்சு, 3 நிமிடம் கேள்வி. அமர்வுத் தலைவரிடம் '2 நிமிடம்', 'முடியுங்கள்' என்று இரண்டு அட்டைகளைக் கொடுத்து, காட்டத் தயங்கமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பேராசிரியர் என்றால் அட்டை கீழேயே இருக்கும், மாணவர் என்றால் பத்தாவது நிமிடத்திலேயே எழும்பும். இந்தப் பாரபட்சத்தை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. இணை அமர்வுகள் இருந்தால் எல்லா அறைகளிலும் கடிகாரம் ஒன்றுபோல ஓட வேண்டும். ஒருவர் வராவிட்டால் அடுத்தவரை முன்னுக்கு இழுக்காதீர்கள், அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பக்கத்து அறையிலிருந்து அந்த ஒரு பேச்சுக்காகவே ஓடிவருபவர் ஏமாறக்கூடாது.

தொடக்க விழாவை நாற்பது நிமிடத்துக்குள் முடித்துவிட்டால் உங்களை எல்லோரும் வாழ்த்துவார்கள். வாழ்த்தாதவர்கள் மேடையில் இருந்தவர்கள் மட்டுமே.

அந்தக் கேள்வியைக் கொடுத்தவர்கள் ஞாபகம் இருக்கிறதா? மீனவர், மேய்ச்சல்காரர், காட்டோரக் கிராமத்தார், வனக்காவலர். அவர்களைப் பார்வையாளராகக் கூப்பிடாதீர்கள், பேசக் கூப்பிடுங்கள். பல்லுயிர் உடன்படிக்கையின் 8(ஜெ) பிரிவே பழங்குடி, உள்ளூர்ச் சமூகங்களின் அறிவை மதிக்கவும் காக்கவும் சொல்கிறது. கட்டணம் கேட்காதீர்கள், ஒரு நாள் வேலையை விட்டு வருவதற்கு ஈடு கொடுங்கள், அவர்கள் மொழியில் பேச விட்டுப் பக்கத்தில் நல்ல மொழிபெயர்ப்பாளரை உட்கார வையுங்கள். அவர்கள் அமர்வை கடைசி நாள் மதியத்தில் போடாதீர்கள், அப்போது பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் காலையில், சிறப்புரை முடிந்த கையோடு வையுங்கள். ஒரு மீனவர் பதினைந்து நிமிடம் பேசிய பிறகு அன்று முழுக்க எல்லா அமர்விலும் கேள்விகளின் குணமே மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இடம், பலகை, கண்ணாடி

போஸ்டர் என்றால் ஏ0 தாள், 841க்கு 1189 மில்லிமீட்டர். இதை அழைப்பில் எழுதினோம். நெட்டுவாக்கிலா, குறுக்குவாக்கிலா என்று எழுத மறந்துவிட்டோம். வாடகைக்கு எடுத்த பலகைகளின் அகலம் 90 சென்டிமீட்டர். குறுக்குவாக்கில் அடித்து வந்த இருபத்துச் சொச்சம் போஸ்டர்கள் இரண்டு பக்கமும் காது போல மடங்கித் தொங்கின. ஒருவருடைய வரைபடத்தில் கடற்கரையே பலகைக்குப் பின்னால் போய்விட்டது. பலகையை நீங்களே டேப் வைத்து அளந்து, அந்த அளவை அழைப்பில் போடுங்கள்.

மைக்கைச் சோதிக்கும்போது காலி அரங்கில் கேட்பதை நம்பாதீர்கள், ஆள் நிறைந்தால் ஒலி அமுங்கிவிடும். பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் குடமோ நிரப்பும் இயந்திரமோ வையுங்கள். இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

கண்ணாடியைப் பற்றி மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டாம் தடவை எங்களுக்குக் கிடைத்தது புத்தம் புது அரங்கு, முகப்பு முழுக்கக் கண்ணாடி, எதிரே மரங்கள். முதல் நாள் காலை ஏழரை மணிக்குப் பதிவு மேசையைத் திறந்தோம். டொப்பென்று ஒரு சத்தம். படிக்கட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கதிர்க்குருவி, வாய் திறந்தபடி, ஒரு சிறகு விரிந்து கிடந்தது. கண்ணாடியில் தெரிந்த மரத்தை நிஜமென்று நம்பிப் பறந்து வந்திருக்கிறது. பல்லுயிர் பாதுகாப்பு என்று எழுதிய பேனருக்கு நேர் கீழே! சான்றிதழ் வைத்திருந்த அட்டைப்பெட்டியை ஒரு பறவையியலாளர் காலி செய்து, துளை போட்டு, குருவியை மெதுவாக எடுத்து வைத்து மூடி, இருட்டான மூலையில் கொண்டுபோய் வைத்தார். தண்ணீர் கொடுக்க ஓடிய மாணவரைத் தடுத்துவிட்டார். மயங்கிக் கிடக்கும் பறவைக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாதாம். முக்கால் மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் கீறும் சத்தம். மரத்தடிக்குக் கொண்டுபோய்த் திறந்தார், பறந்துபோனது.

எல்லாக் குருவிக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. உங்கள் அரங்கில் பெரிய கண்ணாடி இருந்தால், ஒரு மாதம் முன்பே வெளிப்பக்கம் புள்ளியோ கோடோ ஒட்டச் சொல்லுங்கள். இடைவெளி 5 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பருந்து வடிவ ஸ்டிக்கர் ஒன்றை நடுவில் ஒட்டினால் பயனில்லை, பறவைகள் அதைச் சுற்றிக்கொண்டு வந்து மோதும். அப்புறம், பதிவு மேசைக்கு அடியில் துளை போட்ட ஒரு காலிப் பெட்டியும் இருக்கட்டும்.

களப்பயணம்

களப்பயணம் இல்லாமல் எங்கள் துறை ஆட்கள் விடமாட்டார்கள். ஒன்றை யோசியுங்கள். பத்து நாடுகளின் குளத்திலும் காட்டிலும் நடந்த காலணிகள் ஒரே வண்டியில் ஏறி ஒரே ஓடையில் இறங்கப் போகின்றன. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரமான காலணி, வலை வழியாகப் பரவக்கூடியது. களைவிதைகள் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். வண்டி ஏறும் இடத்தில் இரண்டு வாளி, நாலு பிரஷ், கிருமிநாசினி வையுங்கள். சேறு முழுக்கப் போகத் தேய்த்து, மருந்தில் நனைத்து, நன்றாகக் காயவிட்டு ஏற்றுங்கள். முணுமுணுப்பார்கள். அயல் இனங்கள் பற்றி முந்தின நாள்தான் உரையாற்றியிருப்பார்கள், அதை நினைவுபடுத்துங்கள்.

வெகுதூரம் போக நிதியில்லை என்றால் வளாகத்திலேயே பயோபிளிட்ஸ் நடத்தலாம். குறித்த நேரத்துக்குள், பெரும்பாலும் ஒரே நாளில், ஓர் இடத்திலுள்ள உயிரினங்களை முடிந்தவரை எண்ணுவது. 1996இல் வாஷிங்டனில் முதலில் நடந்தது. இரவில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கைப் போட்டால் போதும், அந்துப்பூச்சிகள் வந்து ஒட்டும். மேடையில் விறைப்பாக இருந்த பெரிய விஞ்ஞானியும் முதலாமாண்டு மாணவரும் அந்தத் துணி முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு குனிந்து நிற்பார்கள்.

வெளிநாட்டுப் பேராளர்கள் எதையும் சேகரித்துக்கொண்டு போகக்கூடாது, அடையாளம் காண வேண்டுமென்று ஒரு சீசாவில் பூச்சியோ உலர்ந்த செடியோ கொண்டுவரவும் கூடாது என்பதை அழைப்பிலேயே தெளிவாக்குங்கள். அருகிவரும் இனங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 1975 முதலும், மரபு வளங்களைப் பற்றிய நகோயா நெறிமுறை 2014 முதலும் நடைமுறையில் இருக்கின்றன. உரிமம் இல்லாத ஓர் இறகு விமான நிலையத்தில் ஒரு நாளை விழுங்கிவிடும்.

முடிந்த பிறகு

கடைசி நாள் மாலை எல்லோரும் படமெடுத்துக்கொண்டு கிளம்பியதும் உங்களுக்குத் தூக்கம் சொக்கும். ஒரு நாள் தூங்குங்கள். அதற்கு மேல் ஒத்திப்போடாதீர்கள்.

முதல் வாரத்தில், உங்களுக்குக் கேள்வி கொடுத்தவர்களுக்கு இரண்டு பக்கக் குறிப்பு போக வேண்டும். அவர்கள் மொழியில், கலைச்சொல் இல்லாமல்: நீங்கள் கேட்டது இது, எங்களுக்குத் தெரிந்தது இது, இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, நாளைக் காலை செய்யக்கூடியது இது. முதல் தடவை வாயடைத்துப்போன எங்களால் அந்த வனத்துறை அதிகாரிக்கு இப்படி ஒரு குறிப்பை அனுப்ப மூன்றாம் கருத்தரங்கு வரை ஆனது. அந்தத் தாளை அவர் பெற்றுக்கொண்டு, அடுத்த வாரமே நாலு கேள்வி எழுதி அனுப்பினார்.

பயோபிளிட்ஸில் சேர்ந்த பதிவுகளைச் சரிபார்த்து உலகெங்குமுள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் போன்ற திறந்த தரவுத்தளத்தில் ஏற்றுங்கள், ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தை மங்கலாக்கிவிட்டு. கணக்கை முடித்து ரசீதுகளை ஒரே உறையில் போடுங்கள். பேச்சாளருக்கு நன்றிக் கடிதம் போகட்டும், வாளி தூக்கிய தன்னார்வலருக்கு அதற்கும் முன்னால் போகட்டும்.

மிச்சமிருப்பது அடுத்த வருடம் மாட்டப் போகிறவருக்கான கோப்பு. படிவம், கடிதங்கள், தொலைபேசி எண்கள், என்னென்ன தவறின என்று எல்லாம் அதில் இருக்கட்டும். என் கோப்பின் முதல் தாளில் பெரிய எழுத்தில் ஒரே வரிதான்: போஸ்டர் பலகை அகலம் 90 செ.மீ., நெட்டுவாக்கில் மட்டும்.